தரைநீக்க முறை

கீழே விழுந்தால் எது தாங்கும், எது தாங்காது என்று சொல்வதற்கென்றே ஓர் அரசு நிலையம் இருந்தது. முழுப்பெயர் அதிர்ச்சித் தாங்குதிறன் மதிப்பீட்டு நிலையம். அவ்வளவு நீளத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிடும் என்பதால் கண்டக்டர்கள் "அதிர்ச்சி ஆபீஸ் எல்லாம் இறங்கு" என்பார்கள்.

அந்தக் கட்டிடத்தில் எதுவும் விழுந்ததில்லை. கதவுகள் சத்தமில்லாமல் சாத்திக்கொள்ள ஓரங்களில் கம்பளித் துணி ஒட்டியிருந்தது. டீ கொண்டுவருபவர் டம்ளரை மேசையில் வைப்பதைப் பார்த்தால், தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் இறக்குவது போலிருக்கும். விழுவது, மோதுவது, நசுங்குவது எல்லாமே கம்ப்யூட்டருக்குள் நடந்தன. பொருள்களை நிஜமாகவே தூக்கிப் போட்டுப் பார்க்கும் இரும்புக் கோபுரம் ஒன்று பின்பக்கம் நின்றது. ஒருமுறை அதில் போட்ட பொருள் உடைந்துபோனது. கோபுரம் நம்பத்தகுந்ததல்ல என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்கள். இப்போது அதன் நிழலில் இயக்குநரின் கார் நிற்கிறது.

அங்கே கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவரைப் 'புதுசு' என்று கூப்பிடுவார்கள். அடுத்த ஆள் வரும்வரை அதுதான் பெயர். போன புதுசு ஓய்வு பெற்று மாலை வாங்கிய அன்றும் புதுசாகவேதான் இருந்தார். இந்தப் புதுசுக்கு முன்வழுக்கை விழுந்து, காதோரம் நரைத்திருந்தது. அதனால் பெயர் ஒன்றும் மாறவில்லை.

வேலையைச் சொல்லிக் கொடுத்தவர் மெஷ் அக்கா. ஒரு பொருளைக் கம்ப்யூட்டரில் பல்லாயிரம் சின்னத் துண்டுகளாக வெட்ட வேண்டும். அந்த வலைக்குப் பெயர்தான் மெஷ். ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்துத் துண்டை மட்டும்தான் தெரியும். ஓர் இடத்தில் அடி விழுந்தால் அது பக்கத்துக்குச் சொல்லும், பக்கத்தது அதற்குப் பக்கத்துக்குச் சொல்லும். குடியிருப்பில் ஒரு வீட்டுச் சண்டை மாடி மாடியாகப் பரவுவதைப் போலத்தான். சமாச்சாரம் தாங்காமல் வெடிக்கும் நிலைக்கு வந்த துண்டு சிவப்பாகும். ஒன்றும் காதில் விழாதது நீலமாக இருக்கும்.

"சிவப்பு வந்தா என்னக்கா பண்றது?"

"பொருளை மாத்தக் கூடாது. வண்ண அளவுகோலை மாத்து. நூத்துல சிவப்பாகுதுன்னா, ஆயிரத்துல சிவப்பாகற மாதிரி வை. எல்லாம் நீலமாயிடும்."

"அப்பவும் சிவப்பா இருந்தா?"

"துண்டைப் பெருசா வெட்டு. பெரிய துண்டுக்குக் காது கேக்காது. அப்பவும் அடங்கலைன்னா தரையை இளக்கிவிடு. சிமெண்டு, ரப்பர், பஞ்சு. பஞ்சுக்கு மேல இதுவரைக்கும் யாரும் போனதில்ல."

"ஏங்க்கா, சிவப்பா இருந்தா சிவப்புன்னே சொல்லிட்டா என்ன?"

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "பிரிண்டர்ல சிவப்பு மை கிடையாது."

புதுசின் கையில் வந்த முதல் பெரிய வேலை, ஆம்புலன்ஸில் வைக்கும் சுவாசக் கருவி. தூக்குவதற்குப் பிடி வைத்த ஒரு பெட்டி. ஒரு தனியார் கம்பெனி செய்தது. நிலையம் சான்றிதழ் கொடுத்தால் ஊரில் உள்ள எல்லா ஆம்புலன்ஸிலும் பழைய கருவியை இறக்கிவிட்டு இதை ஏற்றிவிடுவார்கள். புதுசுக்கு அந்த ஆம்புலன்ஸ்களைத் தெரியும். அவர் மனைவி அதில்தான் உதவியாளர்.

புதுசு பெட்டியைத் துண்டுகளாக வெட்டினார், கீழே ஒரு சிமெண்டுத் தரை போட்டார், பெட்டியை இடுப்புயரத்தில் நிறுத்தினார், ஈர்ப்பு விசை கொடுத்தார். இன்னும் ஒரு வேலை பாக்கி. இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று மோதும் என்று கம்ப்யூட்டருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரிந்தது அதற்குத் தெரியாது. நாம் சொன்னால்தான் தரை தரை. சொல்லாவிட்டால் அது வெறும் படம். அதைச் சொல்லப் போகும் நேரத்தில் குரூப் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவர், சொல்லிவிட்டோம் என்ற நினைப்பில் 'ஓட்டு' என்பதை அழுத்தினார்.

பெட்டி விழுந்தது. தரையைத் தொட்டது. சத்தம் காட்டாமல் தரைக்குள் நுழைந்தது. மறுபக்கம் வெளியே வந்தது. வந்து, அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு துண்டுகூட நிறம் மாறவில்லை. மூலைக்கு மூலை நீலம்.

"அட," என்று முதுகுக்குப் பின்னால் இயக்குநரின் குரல் கேட்டது. "இந்த மாதிரி ஒரு நீலத்தை நான் பார்த்ததே இல்லையே."

"சார், தப்பு நடந்துபோச்சு சார். அது தரைக்குள்ள போயிடுச்சு."

"எது?"

"பெட்டி."

"போகட்டும். உடைஞ்சுதா?"

"உடையல சார்."

"தரை உடைஞ்சுதா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்னய்யா, ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்காங்க."

அதோடு படத்தை அச்செடுக்கச் சொல்லி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது புதுசு மோதல் கட்டளையைக் கொடுத்து மறுபடி ஓட்டினார். இந்தத் தடவை பெட்டி தரையில் முட்டி ஒரு குதி குதித்தது. உள்ளே பேட்டரியைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கிளிப் கருஞ்சிவப்பாகி அறுந்தது. பேட்டரி போனால் கருவி நின்றுவிடும். கருவி நின்றால், அதில் மூச்சு விடுகிறவரும் சற்று நேரத்தில் நிறுத்திக்கொள்வார். இடுப்புயரத்தை அதற்கு மேல் அவரால் சாதாரண உயரமாக நினைக்க முடியவில்லை.

சிவப்புப் படத்தை அச்செடுத்தார். மை இல்லாததால் சிவப்பு இருந்த இடம் வெள்ளையாக வந்தது. இயக்குநர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நீலத்தையும் தாண்டி வெள்ளைக்கே கொண்டுபோயிட்டீரா," என்று கை கொடுத்தார்.

புதுசு அவரைத் திரை முன்னால் உட்கார வைத்து, கிளிப் அறுவதைத் திரும்பத் திரும்பக் காட்டினார். இயக்குநர் முகம் சுருங்கியது. சாயங்காலமே கூட்டம் போட்டார். கம்பெனிக்காரரும் வந்திருந்தார். நல்ல வாசனையான மனிதர், எல்லோருக்கும் பேனா கொண்டுவந்திருந்தார்.

இயக்குநருக்கு நின்றபடி பேசினால்தான் பேச்சு வரும். "நண்பர்களே, இந்த ரெண்டு படத்துலயும் பெட்டி ஒண்ணுதான். உயரம் ஒண்ணுதான். ஒண்ணு நீலம், ஒண்ணு சிவப்பு. வித்தியாசம் எங்க இருக்கு? தரையில. ஒண்ணுல தரை தலையிடல. இன்னொண்ணுல தலையிட்டுடுச்சு. இத்தனை வருஷமா நாம பொருளையே சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தோம். பொருள் பாவம், அது பாட்டுக்கு விழுது. யாருக்கு என்ன கெடுதல் பண்ணிச்சு? உடைக்கறது யாரு? தரை. குத்தவாளியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு அடிபட்டவனை விசாரிச்சிருக்கோம்."

"எங்க கம்பெனி தரை தயாரிக்கறதில்லைங்க," என்றார் கம்பெனிக்காரர். "அதுக்கு நாங்க எப்படிப் பொறுப்பாக முடியும்?"

"நியாயம்," என்றார் இயக்குநர்.

புதுசு எழுந்தார். "சார், ஒரே ஒரு பெட்டியைப் பின்னாடி கோபுரத்துலேருந்து நிஜமாப் போட்டுப் பார்த்துடலாமே."

கூடத்தில் யாரோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதைப் போல இயக்குநர் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஒரு நல்ல பொருளை வேணும்னே கீழ போடறதா? உங்க வீட்டுக் குழந்தையை அப்படிப் போட்டுப் பார்ப்பீங்களா? இது நாகரிகமான நிறுவனம்யா. அதுவும் இல்லாம, கீழ என் கார் நிக்குது."

அன்றைக்குப் பிறந்ததுதான் தரைநீக்க முறை. அடுத்த வாரமே பிளாஸ்டிக் நாற்காலி, எரிவாயு சிலிண்டர், ஹெல்மெட், கண்ணாடி அலமாரி என்று வாசலில் வரிசை நின்றது. எல்லாம் நீலம். ஒரு பீங்கான் கம்பெனி, தங்கள் கோப்பை எவ்வளவு உயரத்திலிருந்து விழலாம் என்று கேட்டது. எவ்வளவு வேண்டுமானாலும் என்று பதில் போயிற்று. ஊழியர்களுக்குப் பயிற்சி நடந்தது, பரீட்சையும் வைத்தார்கள். முதல் கேள்வி: தரை என்றால் என்ன? அதை எவ்வாறு தவிர்க்கலாம்? ஏற்கெனவே தரை வைத்துச் செய்த பழைய சோதனைகளை எல்லாம் 'பாரபட்சமானவை' என்று முத்திரை குத்திக் கீழறையில் பூட்டினார்கள். முறையைக் கண்டுபிடித்தவர் என்று புதுசுக்குக் கண்ணாடியில் செய்த கேடயம் ஒன்று கொடுத்தார்கள். "பார்த்துக் கொண்டுபோ, கீழ போட்டுடாத" என்று மெஷ் அக்கா அதைப் பழைய செய்தித்தாளில் நாலு சுற்றுச் சுற்றிக் கொடுத்தார்.

வீட்டில் மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். புதுசு பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கியபடி நடந்ததையெல்லாம் சொன்னார்.

"நிஜமாப் போட்டே பார்க்கலையா?"

"கம்ப்யூட்டர்ல போட்டோம்."

"அப்ப கம்ப்யூட்டர்ல மூச்சு விடறவங்களுக்குக் குடுங்க. எங்க வண்டியில வர்றவங்களுக்கு ஏன் குடுக்கறீங்க?" அவர் ஒரு தட்டை நங்கென்று வைத்தார். "மாடிப்படியில இறங்கும்போது கை வழுக்கும். ஸ்ட்ரெச்சர்லேருந்து நழுவும். நோயாளியோட மச்சான் பதட்டத்துல தட்டிவிடுவான். அது விழாத நாள் எது?"

"வேணாம்னு சொல்லிட முடியாதா?"

"நான் சொன்னா யாரு கேக்கறது? சான்றிதழ் இருந்தா ஏத்திக்கிட்டுத்தான் போகணும். எங்க ஸ்டோர் ஆபீசர் வேற ஒரு தினுசு. பெட்டி மேல என்ன எழுதியிருக்கோ அதுதான் அவருக்கு வேதம். 'குளிர்ந்த இடத்தில் வைக்கவும்'னு போட்டிருந்துச்சுன்னு கட்டுத்துணியை எல்லாம் ஃபிரிட்ஜ்ல அடுக்கி வச்சாரு. புண்ணு மேல வச்சா ஜனங்க அலறுதுங்க."

புதுசு துடைப்பதை நிறுத்தினார்.

"என்னங்க, தட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க?"

"உங்க ஸ்டோர் ஆபீசர் லீவு கீவு எடுப்பாரா?"

"அவரா? சாவுக்கே லெட்டர் குடுத்துட்டுத்தான் போவாரு."

மறுநாள் காலையில் புதுசு முகத்தைப் பணிவாக வைத்துக்கொண்டு இயக்குநரின் அறைக்குப் போனார்.

"சார், ஒரு வருத்தம். இவ்வளவு பெரிய முறையைக் கண்டுபிடிச்சிருக்கோம், வெளிய இருக்கறவங்களுக்கு அது தெரியவே மாட்டேங்குது. சான்றிதழ்ல சும்மா 'தகுதியானது'ன்னு மட்டும் போடறோம். எல்லா ஆபீஸும் அதைத்தானே போடுது?"

"வேற என்ன போடணும்கிறீர்?"

"தரை இல்லாம சோதிச்சோம்னு போடணும் சார். பெட்டி மேலயே, பெரிய எழுத்துல. பார்க்கறவன் அசந்துபோகணும்."

இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்டிக்கர் வாசகத்தை அவரே செதுக்கினார்: 'இக்கருவி தரையற்ற சூழலில் சோதிக்கப்பட்டுச் சிறப்பாகத் தேறியது. அத்தகைய சூழலில் மட்டுமே பயன்படுத்தத் தக்கது.' இரண்டாவது வரி புதுசு சேர்க்கச் சொன்னது; எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஒரு வரி மட்டும் இருந்தால் ஸ்டிக்கர் மொட்டையாகத் தெரிகிறது என்றார் புதுசு.

பெட்டிகள் ஆம்புலன்ஸ் அலுவலகத்துக்குப் போயின. ஸ்டோர் அதிகாரி ஸ்டிக்கரைப் படித்தார். ஒரு ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறந்து உள்ளே குனிந்து பார்த்தார். தரை இருந்தது. அடுத்த வண்டியிலும் இருந்தது. எல்லா வண்டிகளையும் பார்த்துவிட்டு, அதிர்ச்சி ஆபீஸுக்குப் போன் போட்டார்.

"எங்க வண்டியெல்லாம் தரையோடதான் சார் வருது. இதை எங்க வச்சு உபயோகிக்கறது?"

"உங்க தரையைக் கழட்டிட முடியாதா?" என்று கேட்டார் இயக்குநர்.

"ஆளுங்க காலை எங்க வைப்பாங்க சார்?"

"அது உங்க துறை."

"தரை இல்லாத இடம்னா எப்படி இருக்கும்னு எங்களுக்கு ஒரு மாதிரி காட்டுங்க சார். பார்த்துட்டு ஏத்துக்கறதா திருப்பி அனுப்பறதான்னு எழுதறேன். அதுவரைக்கும் பெட்டி ஸ்டோர்லதான் இருக்கும். ஸ்டோர்லயும் தரை இருக்கறதால, கயித்துல கட்டித் தொங்கவிட்டிருக்கேன்."

இயக்குநர் சளைக்கிற ஆள் இல்லை. நிலையத்தின் பெரிய கூடத்தையே தரையற்ற ஆய்வுக்கூடமாக மாற்ற உத்தரவு போட்டார். மேஸ்திரி ஆட்களோடு வந்து டைல்ஸைப் பெயர்த்தார். அடியில் கான்கிரீட் இருந்தது.

"இதுக்குக் கீழயும் தரையா?" என்று கோபப்பட்டார் இயக்குநர். கான்கிரீட்டை உடைத்தார்கள். கல் வந்தது. கல்லை எடுத்தார்கள். மண் வந்தது. மண்ணைத் தோண்டினார்கள். அதற்கும் கீழே மண்.

மேஸ்திரி வேர்வையைத் துடைத்துக்கொண்டு குழிக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "எவ்வளவு தோண்டினாலும் கடைசில ஒரு தரை இருக்குமுங்க."

"அது உங்க அனுபவம். உங்க அனுபவத்தை இங்க கொண்டுவராதீங்க."

கடைசியில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குழி ஆனதும் தோண்டுவதை நிறுத்தி, அடியில் கறுப்புச் சாயம் அடித்தார்கள். கண்ணுக்குத் தெரியாதது தரை ஆகாது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. ஊழியர்கள் சுவரை ஒட்டி ஒற்றைப் பலகையில் நடந்து தங்கள் மேசைக்குப் போய்வந்தார்கள். டீ வருவது நின்றது.

திறப்பு விழாவுக்காகக் குழியின் ஒரு பக்கம் பலகை பரப்பி நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஸ்டோர் அதிகாரி படிவம் செருகிய எழுத்து அட்டையைத் தொடையில் வைத்துக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கம்பெனிக்காரர் பளபளக்கும் பெட்டிகளைக் கண்காட்சி மேசையில் அடுக்கியிருந்தார். விதிப்படி விழாவுக்கு ஓர் ஆம்புலன்ஸ் வந்து வெளியே நின்றது. புதுசு எட்டிப் பார்த்தார். முன்சீட்டில் அவர் மனைவி உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

இயக்குநர் ஒரு பெட்டியைக் கையில் ஏந்திக் குழியின் விளிம்பில் நின்றார்.

"மனித குலம் பொருள்களை மேம்படுத்தியே காலத்தை வீணடிச்சிடுச்சு. நாங்க இடத்தை மேம்படுத்தியிருக்கோம். இங்க விழற எதுக்கும் முடிவு கிடையாது. முடிவு இல்லாததுக்கு உடைசல் எங்கேருந்து வரும்? இந்த நிலையத்துக்குத் தலைமை தாங்கின இத்தனை வருஷத்துல ஒரு பொருள்கூட என் கண் முன்னால உடைஞ்சதில்ல. அந்தப் பெருமையோட நான் அடுத்த அடியை எடுத்து வைக்கறேன்."

கைதட்டல் எழுந்தது. கைதட்டலுக்கு ஓரடி முன்னால் வந்து வணங்குவது அவர் வழக்கம். வந்தார்.

சத்தம் இரண்டு தடவை கேட்டது. முதலில் கனமாக, பிறகு பிளாஸ்டிக்காக.

கூடம் முழுக்க விளிம்புக்கு ஓடியது. கறுப்புச் சாயத்தின் மேல் இயக்குநர் மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் பெட்டி திறந்து, பேட்டரி ஒரு மூலைக்கு உருண்டிருந்தது. அவர் வாய் திறந்து மூடியது, காற்று உள்ளே போகவில்லை. கண் வெளியே பிதுங்கியது. புதுசு வாசலுக்கு ஓடினார். அவர் மனைவி கடலைப் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு இறங்கி வந்து, மேஸ்திரியின் ஏணியில் குழிக்குள் இறங்கினார். நெஞ்சைத் தடவிப் பார்த்தார், காலைத் தொட்டுப் பார்த்தார்.

"விழுந்த வேகத்துல மூச்சு அடைச்சிருக்கு. விலா எலும்பும் போயிருக்கும் போல. உசுருக்கு ஒண்ணும் ஆகாது. மூச்சுக் கருவி வேணும். ஒண்ணு இறக்குங்க."

கம்பெனிக்காரர் மேசையிலிருந்து ஒரு புதுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முட்டிபோட்டு நீட்டினார். "இதோம்மா. ரொம்ப லேசு. ஒத்தைக் கையால வாங்கிக்கலாம்."

இயக்குநரின் கை சரேலென்று எழுந்து ஆடியது. வேண்டாம், வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று உள்ளே போய்க் குரல் வந்தது.

"பழசு... வண்டியில பழசு இருக்காம்மா?"

"இருக்கு சார். இரும்பு மாதிரி கனக்கும்."

"அதைக் கொண்டாங்க."

மெஷ் அக்கா விளிம்பில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, நிதானமாகக் குனிந்து பார்த்தார். "ஏன் சார், புதுப் பெட்டி நாமளே பாஸ் பண்ணினதுதானே?"

"அதனாலதாம்மா சொல்றேன்," என்றார் இயக்குநர்.

முன் வரிசையில் எழுந்திருக்காமலே இருந்த ஸ்டோர் அதிகாரி பேனா மூடியைக் கழற்றினார். 'திருப்பி அனுப்புவதற்கான காரணம்' என்ற கட்டத்தில் அக்காவின் கேள்வியையும் இயக்குநரின் பதிலையும் எழுத்துப் பிசகாமல் அப்படியே எழுதி, கீழே பதில் சொன்னவரின் பதவியையும் எழுதிக்கொண்டார்.